ஆற்றங்கரையில் ஆல்ரிக் சொன்ன பதில்

அண்ணை,

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில், எல்லாம் மலிவாக விற்கும் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். வேடம் போட்டு ஆடும் கார்னெவால் திருவிழா வருகிறதல்லவா, வாசலிலேயே ஒரு பெரிய கூடை வைத்திருந்தார்கள். கூடை நிறையக் கொம்பு வைத்த பிளாஸ்டிக் தலைக்கவசங்கள். பழைய காலத்து வைக்கிங் கடற்கொள்ளை வீரனின் வேடத்துக்காம். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். புதுப் பிளாஸ்டிக் மணம் மூக்கில் அடித்தது. நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் கடை மனேஜரைக் கூப்பிட்டு வகுப்பே எடுத்திருப்பீர்கள். "கொம்பு வைச்ச வைக்கிங் ஒருத்தனும் இருக்கேல்லை. கொம்போட சண்டை பிடிக்கிறது மாடு" என்று நீங்கள் சொல்வது காதில் விழ, தனியாக நின்று சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனாள்.

பேக்கரியில் நாள் முழுக்க உங்கள் நினைவாகவே இருந்தது. ஆகவே எழுதுகிறேன். உங்களிடம் சொல்லவேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆனால் அதை எடுத்தவுடன் சொல்ல எனக்கு வரவில்லை. நீங்களும் எந்தக் கதையையும் நேராகத் தொடங்கியவரில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோர்ட்மண்டில் ட்ராம் ஓட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு வைக்கிங் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். உங்கள் வேலையிடத்தில் எல்லோருமாக வடக்கே சுற்றுலா போய், அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் பழைய கப்பலொன்றைப் பார்த்துவிட்டு வந்ததுதான் வினை. மறுநாள் பேக்கரிக்கு வந்து, ப்ரோட்சென் பாண் வாங்க நின்ற சனத்தையும் பாராமல் சொன்னீர்கள்: "தங்கச்சி, ஆயிரம் வருசத்துக்கு முந்தி இஞ்ச சக்சன் சனம் இருந்தது. வடக்கால டென்மார்க்காரர் கப்பலில வந்தவை. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கமா நிண்டு வெட்டிக்கொண்டு செத்திருக்கினம். உது எங்கட கதையெல்லே. நான் எழுதப்போறன்." நான் சில்லறையை எண்ணியபடி, சரி, எழுதுங்கோ என்றேன். தமிழில் எத்தனையோ பேர் நாவல் எழுதப்போவதாகச் சொல்லிவிட்டுச் சுகமாக இருக்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஆனால் எழுதினீர்கள். எழுதினீர்கள் என்பதும் பிழை, பேசினீர்கள். கடைசித் தரிப்பிடத்தில் உங்களுக்கு ஒரு சின்னப் பவுசே கிடைக்கும். அந்த இடைவேளைக்குள் போனை எடுத்துக் குரல்செய்தியாக ஒரு காட்சியைச் சொல்லி எனக்கு அனுப்புவீர்கள். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அதைக் கேட்டுக் கேட்டுக் கணினியில் தட்டெழுதுவேன். போர்க்களத்தில் வாள்கள் மோதும்போது பின்னால் ட்ராம் கதவு மூடும் சத்தம் கேட்கும். "ஆல்ரிக் வாளை உருவினான்... பொறுங்கோ தங்கச்சி, ஒரு கிழவி ஏறுறா." மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூட அறையில் ஆட்கள் கூடுவார்கள், ரோல்ஸும் தேநீரும் இருக்கும், அந்த மாதத்து அத்தியாயத்தை நான் வாசிப்பேன். நீங்கள் பின்வரிசையில் சுவரில் சாய்ந்து நின்று, வேறு யாரோ எழுதியதைக் கேட்பவர் மாதிரி முகத்தை வைத்திருப்பீர்கள்.

கதை எனக்குப் பிடித்திருந்தது. இதை உங்களிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் உங்களைப் பிடிக்க முடியாமல் போயிருக்கும். எல்பே ஆற்றங்கரையில் ஒரு சக்சன் தாய், இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஆல்ரிக்கைச் சின்ன வயதிலேயே வைக்கிங் கப்பல்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களின் தலைவன் அவனைத் தன் மகனாகவே வளர்க்கிறான். இளையவன் பெர்ன் தாயுடன் ஊரிலேயே வளர்ந்து வீரனாகிறான். கப்பல்கள் திரும்பி வரும்போது முதல் கப்பலில் நிற்பவன் ஆல்ரிக். வளர்த்தவன் ஒரு கரையில், பெற்றவள் மறுகரையில்.

உங்கள் வைக்கிங் மனிதர்கள் அச்சு அசல் யாழ்ப்பாணத்தார். தலைவனின் மனைவி புருசனின் பெயரைச் சொல்லவே மாட்டாள், கடைசிவரைக்கும் "இஞ்சேருங்கோ"தான். என் மகள் அபி அப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். வைக்கிங் பெண்கள் நினைத்தால் புருசனையே விட்டுவிட்டுப் போகலாமாம், இவள் பெயர் சொல்லக் கூச்சப்படுகிறாளே என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சப்பாத்து விசயம் அதைவிட மோசம். ஆல்ரிக் ஒருவருக்கும் தெரியாமல் தாயைப் பார்க்க வருகிறான். பனி கொட்டுகிறது, ஊரெல்லாம் எதிரிகள். இவன் என்ன செய்கிறான் என்றால், வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போகிறான். சொன்ன உங்களுக்கும் அது பிழையாகத் தெரியவில்லை, தட்டெழுதிய எனக்கும் தெரியவில்லை, கேட்டுக்கொண்டிருந்த அறை நிறைந்த சனத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அபிதான் கேட்டாள். "அங்கிள், அந்தக் குளிருக்க ஆராவது சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் போவினமோ?" நீங்கள் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னீர்கள்: "அம்மா வீடெல்லே, பிள்ளை. சப்பாத்தோட எப்பிடிப் போறது?"

வெட்டிவிடுங்கள் என்று நான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பிழையையே கதையாக்கிவிட்டீர்கள். வாசலில் கிடந்த வைக்கிங் சப்பாத்தை அயலவர்கள் கண்டுவிடுகிறார்கள். மறுநாளே சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்த பெர்னை வைக்கிங் படை சுற்றிவளைக்கிறது. காயத்தோடு தப்பிய பெர்ன், அண்ணன் வந்துபோனதால்தான் தன் ஒளிவிடம் தெரிந்தது என்று முடிவுகட்டுகிறான். அந்த ஞாயிறு அறையில் சத்தம் அடங்க நேரமெடுத்தது. நீங்கள் 'நீதவான்' என்று பட்டம் வைத்த அந்தப் பெரியவர் எழும்பி, "உவன் ரெண்டு தோணியில கால் வைக்கிற ஆள். உப்பிடிப்பட்ட துரோகிக்கு என்ன தண்டனை எண்டு அடுத்த மாதம் சொல்லுங்கோ" என்றார். எங்கள் சனத்தின் வாயில் அந்தச் சொல் லேசில் வருவதில்லை, வந்தால் லேசில் போவதுமில்லை. உங்கள் முகம் கறுத்துப்போனதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு குரல்செய்தி வரவில்லை. மிச்சம் இருந்தது ஒரேயொரு அத்தியாயம். இறந்தவர்களை எடுத்துச்செல்ல இரண்டு படையும் சண்டையை நிறுத்துகின்றன. ஆற்றின் மறுகரையில் நின்று பெர்ன் கேட்கிறான், "அண்ணா, நீதானா சொன்னாய்?" அதற்கு ஆல்ரிக் என்ன பதில் சொல்கிறான் என்பதுதான் பாக்கி. மாதங்கள் போயின. பொறுக்க மாட்டாமல் ஒருநாள் மத்தியானம் உங்கள் ட்ராமிலேயே ஏறிக் கடைசித் தரிப்பிடம்வரை வந்தேன். எல்லோரும் இறங்கியபின் கேட்டேன்: "அண்ணை, ஆல்ரிக் சொன்னவனோ இல்லையோ? உங்களுக்கே தெரியாதோ?"

நான் கொண்டுவந்த சீஸ் பாணைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள். நீங்களும் உங்கள் தம்பியும் இளவயதில் ஊரில் வேறு வேறு ஆயுத இயக்கங்களில் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டும் மோதிக்கொண்ட காலத்தில் தம்பி பிடிபட்டதும், அடிவாங்கி ஒரு காது கேட்காமல் போனதும் தெரியும். கெல்சென்கிர்ச்சனில் இருந்துகொண்டு, தனக்கு அண்ணன் இல்லை என்று அவர் சொல்லித் திரிவதும் தெரியும். தெரியாததை அன்று சொன்னீர்கள். "பிடிபட முதல்நாள் நான் வீட்ட சாப்பிடப் போனனான், தங்கச்சி. சைக்கிளை முத்தத்தில விட்டிட்டுப் போனன். அயலட்டைச் சனம் கண்டது. அடுத்தநாள் எங்கட பெடியள் போய் அம்மாட்டைக் கேட்டிருக்கிறாங்கள். விசாரிச்சிட்டு விடுவம் எண்டு சொல்ல, மனுசி நம்பித் தம்பி ஒளிச்சிருந்த இடத்தைக் காட்டிப்போட்டுது. மூத்தவன் இருக்கிற இயக்கம்தானே, சின்னவனை ஒண்டும் செய்யமாட்டாங்கள் எண்டு."

"இதை உங்கட தம்பிக்குச் சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"என்னை வெறுக்கிறது அவனுக்குப் பழகிப்போச்சு. செத்துப்போன அம்மாவை வெறுக்க வைக்க ஏலாது. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ."

மணி அடித்து ட்ராமை எடுத்தீர்கள். நான் உங்களுக்குப் பின்னால் இருந்த இருக்கையில் இருந்து, வழி முழுக்க அழுதுகொண்டு வந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், முன்னால் கண்ணாடி இருந்ததே.

கடைசி அத்தியாயம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வந்தது. மூச்சு வாங்க வாங்கச் சொல்லியிருந்தீர்கள். பெர்ன் கேட்கிறான். ஆல்ரிக் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறகு, "ஓம் தம்பி, நான்தான் சொன்னேன்" என்கிறான். அவ்வளவுதான், முற்றும். அதைக் கேட்டு எனக்கு உங்கள்மேல் பொல்லாத கோபம் வந்தது. நேரில் வந்து சண்டை பிடிக்கலாம் என்று இருந்தேன். உங்கள் இதயம் அதற்கு இடம் தரவில்லை.

இனித்தான் நான் சொல்லவந்தது. உங்கள் செத்தவீட்டுக் காரியமெல்லாம் முடிந்து சில கிழமைகள் கழித்து, ஒரு சனிக்கிழமை பேக்கரிக்கு ஒருவர் வந்தார். ஒன்றும் வாங்கவில்லை, ஓரத்தில் நின்றார். நான் என்ன வேண்டும் என்று கேட்டபோது, தலையைச் சாய்த்து ஒரு காதை என் பக்கம் திருப்பினார். மூக்கும் நெற்றியும் உங்களுடையவை. ஆளைப் புரிந்துகொண்டேன். கோப்பி ஒன்றை ஊற்றிக் கொடுத்து மேசையடியில் இருத்தினேன்.

"நீங்கள்தானே அண்ணையின்ர கதையை டைப் பண்ணினது?" என்றார். "மாதம் மாதம் உங்கட வாட்ஸப் குழுவில போடுறதை ஒராள் எனக்கு அனுப்புறவர். ஒண்டும் விடாமல் வாசிச்சனான். கடைசியில ஆல்ரிக் என்ன சொன்னவன்?"

சொன்னேன். அவர் கோப்பியைத் தள்ளிவைத்தார்.

"அண்ணை சொல்லேல்லை, தங்கச்சி. அம்மாதான் காட்டினவ. சாகிறதுக்கு முதல் போனில எனக்குச் சொல்லி அழுதவ. மூத்தவனுக்குத் தெரிஞ்சா என்ர முகத்திலயும் முழியான், சொல்லிப்போடாதை எண்டு சத்தியம் வாங்கினவ. அதுக்குப் பிறகு நான் எப்பிடி அண்ணையிட்டைப் போறது? இவ்வளவு காலமும் இருந்த கோவம் இப்ப எங்க போச்சு எண்டு கேப்பாரெல்லே. என்னத்தைச் சொல்லுறது?"

நீங்கள் சொல்லவேண்டாம் என்றதை நான் சொன்னேன், அண்ணை. இனி அதில் ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. "அண்ணைக்கும் தெரியும்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லைபோல, திரும்பவும் சொல்லச் சொன்னார். "அம்மா காட்டினது அண்ணைக்கு முதலே தெரியும். நீங்கள் அம்மாவை வெறுத்திடுவியள் எண்டுதான் வாய் திறக்கேல்லை." அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கடைக்கு ஆட்கள் வந்தார்கள், நான் பாண் வெட்டிக் கொடுத்தேன், காசு வாங்கினேன். திரும்பிப் பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தார்.

போகும்போது ஒன்றுதான் கேட்டார். "முடிவை மாத்திப்போடாதேங்கோ. அவர் அம்மாவுக்காக எழுதினது."

மாற்றவில்லை. அந்த மாத ஞாயிறு உள்ளது உள்ளபடி வாசித்தேன். உங்கள் தம்பி வந்து முன்வரிசையில் நல்ல காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்திருந்தார். நான் முடித்தவுடன் நீதவான் எழும்பினார். "நான் முதலே சொன்னனான். துரோகிதான். அவனே ஒப்புக்கொண்டிட்டான்" என்றார். என் வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு அவர் முன்வரிசையைப் பார்த்து, "உவர் ஆர், புது ஆளா இருக்கு?" என்று கேட்டார்.

உங்கள் தம்பி எழும்பி எல்லோருக்கும் முகம் தெரியத் திரும்பி நின்றார். "நான் இதை எழுதினவரின்ர தம்பி" என்றார். நீதவான் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணை, நீங்களும் தம்பியும் ஒருவருக்கொருவர் ஒளித்துவைத்த ஒரே விசயத்தை இரண்டு பேருக்காகவும் இப்போது நான் வைத்திருக்கிறேன். அது பாரமாக இல்லை. கோபம்தான் இன்னும் ஆறவில்லை. அத்தனை வருசம் இந்த ஊர்ச் சனத்தையெல்லாம் ஏற்றி அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டீர்கள். தம்பி இருந்த கெல்சென்கிர்ச்சனுக்கு ரயிலில் அரை மணித்தியாலம்தான்.