மூன்று நொடியில் பதினான்கு சுரங்கள்

என் கம்மல் டப்பாவில் கிடந்த ஒரு பித்தளைத் துண்டை நேற்று தம்பி மகள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தின் நீளம்; நடுவில் துளை; ஒரு பக்கம் கறுத்துவிட்டது. "இது எந்தக் கம்மலோட திருகாணி, அத்தை?" என்றாள். திருகாணி அல்ல, ஒரு பிழைதிருத்தம் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. எழுபத்தெட்டு வயதானவள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என்று இந்தத் தலைமுறை முடிவு செய்திருக்கிறது.

உனக்கு அது என்னவென்று தெரியும். அதைக் கழற்ற வைத்தவளே நீதான். நீ போய் இரண்டு ஆனி கழிந்துவிட்டது. சொன்னதையே திரும்பச் சொன்னால் உனக்குப் பிடிக்காது. ஆனால் இப்போது எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் இருக்கிறாய் என்பதால் முதலிலிருந்தே எழுதப்போகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருடம். மதுரை தல்லாகுளத்தில் ஒரு வீட்டு மாடியில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். ஒரே பெண்கள் கல்லூரியில் நான் இயற்பியல், நீ கணிதம். எழுமலையில் பருத்தியும் சோளமும் போட்ட குடும்பத்திலிருந்து எம்.எஸ்ஸி. வரை வந்தவள் நீ. மூன்று வயது மூத்தவள் என்பதற்காக என்னை அக்கா என்றாய்; அதைத் தவிர வேறு மரியாதை எதுவும் தந்ததாக நினைவில்லை.

அந்தத் தையில் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பி ஓர் இசைத்தட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தான். அந்த நாட்டு மின்னழுத்தம் நம்முடையதில் பாதி என்பதால், இங்கே ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி அதன் வழியாக ஓட்டினோம். என்ன தட்டு அனுப்பட்டும் என்று கேட்டபோது, மின்சுற்றுகளே வாசிக்கும் இசை இப்போது வருகிறதாமே, அதில் இந்த ஆண்டு வெளியாவதை மட்டும் அனுப்பு என்றேன். ஆய்வகத்தில் மாணவிகளுக்கு, மின்சாரத்திலிருந்து ஒலியலை எழுப்பும் ஆஸிலேட்டரைக் கட்டிக் காட்டுகிறவள் நான். தேர்வு இல்லாத நேரத்தில் அது என்ன செய்கிறது என்று அறிய விரும்பினேன். அங்கிருந்து மதுரைக்கு வந்த ஒவ்வொருவர் பெட்டியிலும் அவன் ஒரு தட்டைத் திணித்துவிட்டான். மார்கழிக்குள் பதினொன்று சேர்ந்தன.

முதல் தட்டைப் போட்ட மாலையில் நீ நாற்காலியைத் தூக்கிவந்து, இடது காது பெட்டியைப் பார்க்கும்படி அமர்ந்தாய். உன் வலது காது சிறுவயதில் சீழ் வைத்து அப்போதே போய்விட்டது. இடதும் அடைத்துக்கொண்டு வருவதாகவும், இரண்டு வருடம் தாங்கினால் அதிகம் என்றும் பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கல்லூரியில் யாருக்கும் தெரியாது. சந்தேகங்களைச் சீட்டில் எழுதித் தரவேண்டும் என்று வகுப்பில் நீ வைத்த சட்டத்தை எல்லோரும் கண்டிப்பு என்று நினைத்தார்கள்.

கொஞ்ச காலம்தான் மிச்சமிருக்கிறது, அதில் பிடித்த பாட்டுகளைக் கேட்டுத் தீர்க்காமல் என்னோடு உட்கார்ந்து இந்த இரைச்சலை ஏன் கேட்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். நீ கரும்பலகைக்கு முன் நிற்பவள்போல் விளக்கினாய்.

"தெரிஞ்ச பாட்டுல விட்டுப்போனத மனசே போட்டு நெரப்பிக்கிருதுக்கா. எம்புட்டுக் கேக்குது, எம்புட்டு நெனப்புன்னு பிரிக்க முடியல. இது ஆரும் கேக்காத பாட்டு. இதுல என்னா கேக்குதோ அம்புட்டுத்தேன் என் காது."

அதற்குப் பிறகு அந்தத் தட்டுகளை நான் இரைச்சல் என்று சொல்லவில்லை.

மார்கழியில் அரையாண்டு விடைத்தாள்கள் குவிந்தன. அந்தச் சூட்டிலேயே தட்டுகளையும் மதிப்பிட்டு, ஆண்டின் சிறந்த மின்னணு இசை எது என்று தீர்த்துவிடலாம் என்றாய். பல்கலைக்கழக முறைப்படிதான். நான் ஒரு தேர்வாளர், நீ ஒரு தேர்வாளர். ஒருவர் போட்ட மதிப்பெண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. வேறுபாடு பதினைந்தைத் தாண்டினால் மூன்றாம் மதிப்பீடு. சிவப்பு மை. திருத்தம் இருந்தால் இருவரும் அருகில் கையெழுத்திட வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் ஒரே தாளத்தை ஓட்டிய ஜெர்மன்காரரின் தட்டுக்கு நாற்பத்திரண்டு போட்டுவிட்டு நீ சொன்னாய்: "இவன் அடிஷனல் சீட்டு வாங்கியே பாஸாகிறலாம்னு பாக்குறான்." சாம்பல்நிற அட்டையில் ஒற்றை வெள்ளைக் கோடு போட்ட தட்டின் இரண்டாம் பக்கத்தில்தான் சிக்கல் வந்தது. கீழிருந்து படியேறி வந்து, உச்சியில் ஒரு கணம் தயங்கி, மீண்டும் கீழிருந்தே தொடங்கும் ஒரு சுரவரிசை. இருபது நிமிடம் அதுவே, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மட்டும் மாறியிருக்கும். மொத்தம் பதினான்கு சுரங்கள் என்று எண்ணிச் சொன்னவள் நீ. ஒருமுறை ஏற மூன்று நொடி என்று கைக்கடிகாரத்தில் அளந்தவள் நான்.

நீ தொண்ணூற்றொன்று போட்டாய். நான் அறுபத்துநான்கு. சோம்பலான இசை என்று என் குறிப்பு சொல்கிறது.

மூன்றாம் தேர்வாளராகக் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரரை அழைத்தோம். பரவைச் சந்தையில் வெங்காயக் கடை வைத்திருந்த மனிதர், ஞாயிறு மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்து இருபது நிமிடமும் கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மத்ததெல்லாம் மில்லு ஓடுறாப்புல கேட்டுச்சு டீச்சர். இது நெல்லு அவியிறாப்புல இருக்கு. எம்பது போட்டுக்கங்க."

நெருங்கிய இரண்டு மதிப்பெண்களின் சராசரி எண்பத்தாறு. முதலிடம். நீ அதைச் சிவப்பு மையில் எழுதிய தோரணையைப் பார்த்தால் பட்டமளிப்பு விழா என்று நினைக்கத் தோன்றும்.

பொங்கல் கழிந்து பெட்டி உறுமத் தொடங்கியது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிப் போனேன். திருகுகளைக் கழற்றி, மோட்டாரின் மேலிருந்த தகட்டைப் படித்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது அறுவது சைக்கிள் மோட்டார்ல மேடம்? நம்ம ஊரு கரண்டு அம்பது. டிரான்ஸ்பார்மரு ஓல்ட்டத்தேன் கொறைக்கும், சைக்கிள மாத்தாது. வாங்குன நாள்லருந்து மெதுவால்ல ஓடியிருக்கும்?"

செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டாமாண்டு வகுப்பில் இதே பாடத்தை நடத்துகிறவள் நான். டிரான்ஸ்பார்மர் அதிர்வெண்ணை, அவர் சொன்ன அந்தச் சைக்கிளை, மாற்றாது என்று எழுதாத மாணவிக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஓர் ஆண்டு முழுவதும், அமெரிக்காவில் ஐந்து நிமிடம் ஓடும் இசையை நாம் ஆறு நிமிடம் கேட்டிருக்கிறோம். சுருதியும் அதற்கேற்பத் தாழ்ந்திருக்கிறது. ஒரு மனிதக் குரல் இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். எந்திரத்தின் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

மெக்கானிக் கடைசல் பட்டறையில் கொடுத்து ஒரு சிறிய பித்தளை உறை செய்து, மோட்டாரின் தண்டில் மாட்டிக் கொடுத்தார். தண்டு பருத்தால் தட்டு வேகமாகச் சுழலும், கணக்கு சரியாகிவிடும். பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வரும்போது நான் வெட்கத்தில் இருந்தேன். வெட்கத்தில் இருக்கும்போது நான் நல்லவளாக இருப்பதில்லை.

மறுமதிப்பீடு செய்ய வேண்டும், போட்ட மதிப்பெண்கள் எதுவும் செல்லாது என்று அறிவித்தேன். முதலிடம் பெற்ற தட்டை முதலில் போட்டேன். சோம்பல் போய்விட்டது. துள்ளலாக, தெளிவாக, செய்தவன் எண்ணியபடியே ஓடியது. எனக்குப் பிடித்தது என்பதை இப்போதும் மறுக்கவில்லை. நீ கண்களை மூடி, இடது காதைப் பெட்டிக்கு ஒரு சாண் தொலைவில் வைத்து, முடியும்வரை அசையாமல் இருந்தாய்.

"தனித்தனியாக் கேக்கலக்கா. பதினாலும் ஒட்டிக்கிட்டு ஒத்தக் கோடாத் தெரியுது."

வேகம் கூடினால் அப்படித்தான், பழகிவிடும் என்றேன். போதாததற்கு, இதுதான் சரி என்றும் சொன்னேன்.

"சரிதேன்," என்றாய். "நான் எண்ணிப் பாத்துக்கிட்டிருந்தேன். அம்புட்டுத்தேன்."

உனக்கு எஞ்சியிருந்த காதை அளந்துபார்க்க அந்தச் சுரவரிசை ஒன்றுதான் உன்னிடம் இருந்தது. நான் அதை எடுத்து, செய்தவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இது எனக்கு அன்றே புரிந்தது என்றால் பொய். பத்து நாள் பிடித்தது. அந்தப் பத்து நாளும் நீ வழக்கம்போல் மாலை ஐந்தரைக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் தட்டுகளைப் போட்டு மறுமதிப்பீடு செய்தேன்; நீ மடியில் நோட்டுகளைத் திருத்தினாய். பக்கம் முடிந்து முள் உரசுவது உனக்குத் தெரியவில்லை என்பதைக்கூட நான் கவனிக்காததுபோல் இருந்தேன். சண்டை போட்டிருந்தால் நான் வென்றிருப்பேன். அது உனக்குத் தெரியும்.

பதினோராம் தட்டு முடிந்த மாலையில் மதிப்பெண் பட்டியலை உன்னிடம் நீட்டினேன். என் கட்டங்கள் நிரம்பியிருந்தன. நீ சிவப்புப் பேனாவை எடுத்து, உன் பத்தியில் மேலிருந்து கீழாகப் பதினொரு முறை, சீரான கையெழுத்தில் ஒரே சொல்லை எழுதி என்னிடம் தந்தாய்: ஆப்சென்ட்.

தேர்வுக்கு வராத பெண்களின் எண்ணுக்கு நேரே நாம் எத்தனையோ முறை எழுதிய சொல். அன்று அதைப் படிக்க எனக்கு நேரமாயிற்று.

மறுநாள் நீ கல்லூரியிலிருந்து வருவதற்குள், கொண்டை ஊசியால் நெம்பி உறையைக் கழற்றினேன். வைக்க வேறு இடம் தோன்றாமல் கம்மல் டப்பாவில் போட்டேன். நீ வந்து அமர்ந்ததும் சாம்பல் அட்டைத் தட்டின் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். முதல் முறை அது ஏறியது. இரண்டாம் முறை. உன் விரல்கள் நாற்காலிக் கையில் அசையத் தொடங்கின. மூன்றாம் முறை உச்சியில் அது தயங்கியபோது நீ கண்ணைத் திறந்தாய்.

"பதினாலு," என்றாய்.

நான் காபி போடப் போனேன். அங்கே நின்றிருந்தால் ஏதாவது பேசிக் கெடுத்திருப்பேன்.

ஆடிக்குள் பதினான்கு பன்னிரண்டாயிற்று. புரட்டாசியில் ஒன்பது. ஒவ்வொன்றாக, மேல் படியிலிருந்து போயின. நீ அழவில்லை, எண்ணை மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னாய், நான் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை என்ற நாளில் உள்ளங்கையைப் பெட்டியின் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு, "நெல்லு அவியுது," என்று சிரித்தாய். பிறகு கல்லூரி முதல்வரிடம் நீயே போய்ச் சொன்னாய். தொடர்ந்து பாடம் நடத்தலாம் என்ற உத்தரவைச் சீட்டில் எழுதிக் கேட்டு வாங்கிவந்தாய். அதன்பின் இருபத்தாறு வருடம் பாடம் நடத்தினாய், துறைத்தலைவராகவும் ஆனாய். ஆசிரியர் கூட்டங்களில் யாராவது நீட்டிப் பேசினால் உன் விரல்கள் அந்தப் பதினான்கையும் மேசையில் தட்டும். நான் மேசைக்கடியில் கடிகாரத்தைப் பார்ப்பேன். மூன்று நொடி. எல்லாக் காலத்திலும் மூன்று நொடி. திருத்திய வேகத்தின் இரண்டரை அல்ல.

நேற்று மாலை நான் பெயரைச் சொல்ல, தம்பி மகள் தன் கைப்பேசியில் அந்தத் தட்டைத் தேடி எடுத்தாள். அந்த ஆண்டின் சிறந்த மின்னணு இசை என்று எவரோ போட்ட நீண்ட பட்டியலின் வாலில் அது இருந்தது. காதில் மாட்டிக் கேட்டேன். சரியான வேகம். யாரோ என் பெயரைச் சொல்லி வேறொருத்தியை அழைப்பதுபோல் இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டேன். பிடிக்கவில்லையா அத்தை என்றாள். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் அந்த ஆண்டின் சிறந்த இசை அமெரிக்காவில் வெளியாகவில்லை, தல்லாகுளத்தில்தான் வெளியாயிற்று என்றேன். அதற்கும் தலையாட்டினாள்.

அவள் போன பிறகு மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்தேன். நான் எதையும் தூக்கிப்போடுகிறவள் அல்ல என்று நீயே குறைப்பட்டிருக்கிறாய். மடிப்பில் கிழிந்திருக்கிறது; உன் சிவப்பு மை பழுப்பாகிவிட்டது. முதல் மதிப்பீட்டில், அந்தத் தட்டுக்கு நேராக, என் கட்டத்தில் இருந்த அறுபத்துநான்கை ஒரே கோட்டால் அடித்து, மேலே தொண்ணூற்றொன்று என்று எழுதினேன். திருத்தத்துக்கு அருகில் கையெழுத்திட்டேன்.

விதிப்படி இன்னொரு கையெழுத்து வேண்டும். அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.