கென்டாவின் வலப்பக்க மடிப்பு

பெப். 3, செவ்வாய்

காலையிலிருந்து பனி. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடிக் கட்டடத்தில் லிப்ற் ஒன்று வேலை செய்யவில்லை. பால் வாங்கப் போய்வர அரை நாள்.

ரோக்கியோவில் சென்செய்க்கு, நான் உதவியாளராக வரைந்துகொடுக்கும் ஆசானுக்கு, வலது மணிக்கட்டில் வீக்கம். நாளை ஊசி போட ஆஸ்பத்திரி. ஜூடோ மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வரைந்தே முடி நரைத்த மனுசன். காது ஜூடோவில் நசுங்கியது. இப்போது கையும்.

இதழின் எடிட்டர் அவரிடம் சொல்லிவிட்டாராம்: வாசகர் வாக்கில் அடிமட்டம். இந்த அத்தியாயமும் ஏறாவிட்டால் வசந்தத்தோடு தொடரை மூடுவது. தொடர் போனால் என் வேலையும் போச்சு.

நான் பின்னணி வரைகிற ஆள். பாய், படிக்கட்டு, பார்வையாளர் தலைகள், வியர்வைத் துளி. கென்டாவைத் தொட்டதே இல்லை. கதாநாயகனைச் சென்செய் மட்டும்தான் வரைவார். இன்று வீடியோ அழைப்பில், "ஜெனி, கடைசி முழுப்பக்கம் நீ மை போடு" என்றார். பென்சில் கோடு மட்டும் அவருடையது.

அம்மா: "இவ்வளவு காலம் ஆயிரம் தலை கீறினனி. ஒரு முகம் கீறப் பயமே?"

ஓம். பயம்தான்.

பெப். 5, வியாழன்

அனுப்பியாச்சு. கென்டா இறுதிப் போட்டிக்குப் பாயில் ஏறி நிற்கிறான். முகம் சரியாக வந்திருக்கிறது, நானே சொல்லக் கூடாது. குனிந்து வரைந்து கழுத்து நோகிறது. சித்தாலேபைத் தைலம் முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

அண்ணா ஸ்ரௌவ்விலிலிருந்து போன். "உந்தப் படம் கீறுறதை எத்தினை நாளைக்கு நம்பியிருக்கப் போறாய்? யூனியன்வில்ல சைன் போர்ட் அடிக்கிற கடையில ஆள் தேடுறாங்கள்." யோசிக்கிறன் என்றேன். யோசிக்கவில்லை.

பெப். 8, ஞாயிறு

பூசை முடிந்து சப்வேயில், எங்கள் தொடர் வரும் இதழைப் போனில் திறந்தேன். ரோக்கியோவில் அப்போதுதான் திங்கள் பிறந்து வெளியாகியிருந்தது.

கென்டாவின் உடுப்பில் வலப்பக்க மடிப்பு மேலே.

படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் திருப்பிப் பார்ப்பது வரைகிற எங்கள் எல்லோருக்கும் பழக்கம். கோணல் மூக்கு அப்போதுதான் கண்ணில் குத்தும். திருப்பினேன், மூக்கைத் திருத்தினேன், திரும்பத் திருப்ப மறந்து அப்படியே அனுப்பியிருக்கிறேன். சென்செய் ஊசி போட்டுப் படுத்திருந்தார். எடிட்டர் கடைசி நிமிட அவசரத்தில். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஜப்பானில் உயிருள்ளவர் இடப்பக்கத்தை மேலே போட்டு மூடுவார்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற முறை.

 இறங்க வேண்டிய ஸ்ரேசனைத் தாண்டிவிட்டேன். பிளாற்போமில் நின்றே சென்செய்க்கு எழுதினேன்: பிழை என்னுடையது. 

அம்மாவிடம் சொன்னேன். "பிரேதத்துக்கு உடுத்தின மாதிரியோ? மாதாவே!" 

பெப். 9, திங்கள்

பயங்கரக் குளிர். மூக்குக்குள் முடி உறைகிறது.

 மாலையில் சென்செய் வழக்கம்போல வேலை அழைப்பைத் திறந்து வைத்தார். தேநீர்க் கோப்பை வைக்கிற சத்தம் மட்டும். திட்டினால்கூடப் பரவாயில்லை.

வாசகர்கள் எழுதுவதைப் பார்த்தேன். பிழை என்று ஒருத்தனும் சொல்லவில்லை. "இவ்வளவு அனுபவசாலி தெரியாமலா வரைவார்? கென்டா சாகப் போகிறான்." ஒரு பெண் அழுத படமே போட்டிருக்கிறாள்.

பெப். 11, புதன்

வாக்கு எகிறிவிட்டது. எடிட்டர் அழைப்பில் வந்தார், குரலில் கல்யாணக் களை. பிழை என்று மூச்சு விடக்கூடாதாம். இறுதிப் போட்டியில் கென்டாவைக் கொல்லுங்கள், அவன் தம்பி பழிவாங்க வரட்டும், தொடர் இன்னும் ஓடும் என்றார். சென்செய் "பார்ப்போம்" என்றார்.

எனக்குச் சந்தோசம். உள்ளதைச் சொன்னால் என்ன, துள்ளலாம் போல இருந்தது. வேலை தப்பியது. பிறகு வெட்கம்.

பெப். 12, வியாழன்

சென்செய் தானாகப் பேசினார். கென்டாவின் நடை, சிரிப்பு எல்லாம் அவரோடு பள்ளியில் ஜூடோ பழகிய சிநேகிதனுடையதாம். டாக்ஸி ஓட்டியவர். இப்போது சிறுநீரகம் பழுது, மெசினில் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வருகிறார். மெசினில் படுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கிழமையும் இதழ் வாசிப்பது.

"காலையில் போன் எடுத்தான். 'டேய், என்னைக் கொல்லப் போகிறாயா?' என்று சிரித்தான்."

தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, ஜெனி."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "நீ திருப்ப மறந்தாய், அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானா? என் விரல் செய்த வேலைக்கு யாரோ ஒரு மனுசன் அங்கே படுத்துக்கொண்டு பயப்படுகிறார். கண் மூடினால் அந்த மடிப்புத்தான்.

பெப். 14, சனி

அடுத்த அத்தியாயத்துக்குச் சென்செயின் முதல் வரைவு வந்தது. முதல் பக்கம்: போட்டி தொடங்கப் போகிறது. பயிற்சியாளர் ஓடிவந்து கென்டாவின் பிடரியில் ஒன்று போடுகிறார். "மடையா, உடுப்பை மாற்றிப் போட்டிருக்கிறாய்!" கென்டா குனிந்து பார்க்கிறான். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரிக்கிறான். இடுப்புப் பட்டியை அவிழ்க்கிறான்.

வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. "என்ன பிள்ளை, விசரே?"

எடிட்டர் சிரிக்கவில்லை. மூன்று பேரும் இருந்த அழைப்பிலேயே சொன்னார்: "இது அச்சானால் வாக்கு விழும். வசந்தத்தில் மூடுவோம். இதுதான் முடிவா?"

சென்செய்: "ஓம். இதுதான்."

 அண்ணாவுக்கு இன்னும் போன் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும்.

பெப். 16, திங்கள்

குடும்ப நாள் விடுமுறை. அண்ணா வீட்டில் சாப்பாடு, நான் போகவில்லை. பக்கங்கள்.

சென்செய் மற்றதெல்லாம் என்னிடம் விட்டார். கென்டா இடப்பக்கத்தை மேலே எடுத்து மூடுகிற கையை மட்டும், மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு, சென்செய் தானே மை போட்டு அனுப்பியிருக்கிறார். கோடு நடுங்குகிறது. விரல் நுனியில் இரண்டு இடத்தில் பிசகியும் இருக்கிறது.

எடிட்டரின் மெசேஜ்: "அந்தக் கையை நீங்கள் சீராக்கி அனுப்புங்கள். அவருக்குச் சொல்ல வேண்டாம்."

பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று தரம் திருப்பி, மூன்று தரம் திரும்பத் திருப்பினேன். இடப்பக்கம் மேலேதான்.

கையைத் தொடவில்லை. அப்படியே அனுப்பினேன்.