பயோனியரைக் கொண்டுபோன ராஜா

அன்புள்ள சரசுவுக்கு,

அபுதாபி ருவைஸ் கேம்ப்பிலிருந்து கார்மேகம் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் எனக்குச் சத்தம்தான் வருகிறது, சொல்ல வந்தது வருவதில்லை. அதனால் லீவில் ஊருக்கு வரும் ஜெயசீலனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் தம்பி அன்பரசன் செய்ததெல்லாம் தெரியும். இங்கே வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரரை நம் ஊருக்கே கூட்டிவந்து, நம் பாலகுருவையும் மற்றப் பையன்களையும் வெயிலில் இரும்புக் குழாய் தூக்க வைத்துக் காட்டியிருக்கிறான். எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாரும் இப்படித்தான் என்று பெருமை வேறு. அவர் அத்தனை பேரையும் எடுத்துக்கொண்டார். மகனைப் பெற்ற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

பர் துபாயில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்றை அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிறேன். பால்கன் நாடுகளின் பக்கம், மாசிடோனியாவுக்கு வடக்கே பயோனியர் என்றொரு கூட்டம் இருந்தது. அதில் அண்ணன் தம்பி இருவருக்குப் பதவி ஆசை. பாரசீக ராஜா தாரியஸ் கண்ணில் படும்படி தங்கையை அலங்கரித்துத் தண்ணீருக்கு அனுப்பினார்கள். தலையில் குடம், கையில் குதிரையின் கடிவாளம், நடந்தபடியே நூலும் நூற்றாள். உங்கள் பெண்கள் எல்லாரும் இப்படியா என்று ராஜா கேட்டான். ஆமாம் என்றார்கள். அவ்வளவுதான். படையை அனுப்பி, அந்த ஜனங்களை ஊர் ஊராகப் பெயர்த்து ஆசியாவுக்குக் கொண்டுபோய்விட்டான்.

இதைச் சொன்னால் ஜெயசீலன், “அண்ணே, அந்த ராஜா விசாவுக்குக் காசு வாங்கலேல்ல? அப்ப நல்ல கம்பெனிதான்” என்கிறான். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்காக நான் சொன்னது இல்லையென்று ஆகிவிடாது.

பல வருடம் கழித்து, இனி நீங்கள் ஊருக்குப் போகலாம் என்று, ராஜாவை எதிர்த்துக் கிளம்பிய ஒருவனிடமிருந்து அந்தப் பயோனியருக்குச் சேதி வந்தது. பலர் பிள்ளைகுட்டியோடு கடலுக்கு ஓடி, தீவு தீவாகக் கடந்து, மிச்சத் தூரம் நடந்தே ஊர் சேர்ந்தார்கள். சிலர் பயந்து அங்கேயே இருந்துவிட்டார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று புத்தகத்தில் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

கம்பெனியில் புது காண்ட்ராக்டுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டேன்; இது முடிந்ததும் ஊருக்கே வந்துவிடுவேன். அன்பரசன் பாலகுருவின் பாஸ்போர்ட் கேட்டு வருவான். கொடுக்காதே. கோபித்தால் கோபிக்கட்டும்.

லீவில் வந்த நாட்களைத் தவிர நான் பாலகுருவோடு இருந்ததில்லை. இங்கே ஒரே ரூமில் மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலுமாகக் கிடந்து அதை ஈடுகட்ட எனக்கு விருப்பமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அவனுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். நான் வரும்போது அவன் வீட்டில் இருக்க வேண்டும், சரசு.

இப்படிக்கு,
கார்மேகம்