சமயபுரத்தில் வாங்கிய காது

ஜூன் 16, திங்கள்

ப்ளஸ் ஒன் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டாயிற்று. இயற்பியல் மட்டும் பாக்கி.

மாலை டாக்டர் சொன்னார்: அம்மாவுக்கு ஆட்டிசம். பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறதாம். அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று!

கூரியர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக ஊர்வாரியாகப் பார்சல் பிரிக்கிறாள். ஊர்ப் பெயர் சொன்னால் போதும், பின்கோடு சொல்லிவிடுவாள். போன மாதம் அவளைக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள், எதிரே ஆட்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே மேசைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜூலை கடைசி வரை லீவு. அதற்குள் சரியாகாவிட்டால் வேலையை விட்டுவிடட்டும் என்கிறார் அப்பா. அந்த வேலையை விட்டால் அம்மாவுக்கென்று என்ன இருக்கிறது?

டாக்டர் கொடுத்த சீட்டில் மருந்தே இல்லை. கடைசியில் "ஆதரவு தேவை" என்று ஒரு வரி. அது எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். விசாரித்துப் பாருங்கள் என்றார். யாரிடம்?

ஜூன் 18

அப்பா போனில் அத்தையிடம்: "ஒண்ணுமில்லக்கா, உமாவுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல." பக்கத்து குவார்ட்டர்ஸ் வரை கேட்டிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் கத்திப் பேசிப் பழகிய குரல் அவருக்கு.

ஜூன் 24, செவ்வாய்

ஸ்கூலுக்கு லீவு. நெட்டில் நானே தேடிக் கண்டுபிடித்த ஆட்டிசம் மையத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்தவர் குழந்தை எங்கே என்றார். அம்மாவுக்குத்தான் என்றேன். இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தானாம்.

"அந்தப் பிள்ளைங்க பெரியவங்க ஆனா எங்க போவாங்க?"

சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அம்மா வாத்துப் படம் போட்ட குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தாள்.

மகனோடு வந்திருந்த ஒருவர், பெயர் இர்பானா, நான் சண்டை போட்டதைக் கேட்டிருக்கிறார். "இவனைக் காட்ட வந்தப்பதான் எனக்கும் இருக்குன்னு தெரிஞ்சுது. ஸ்ரீரங்கத்துல என்னை மாதிரி பெரியவங்க ஏழு பேர் கூடுறோம்." நம்பர் எழுதிய காகிதத்துக்கு நான் கை நீட்டினேன். அவர் அம்மாவின் கையில் கொடுத்தார்.

ஜூன் 27

அம்மா இன்னும் போன் பண்ணவில்லை. நான் பண்ணட்டுமா என்று ஐந்து தடவை கேட்டுவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

கோபத்தில் எழுத்து கோணல்.

சித்ராதேவி அத்தை உறையூரிலிருந்து காரோடு வந்து இறங்கினாள். சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாளாம். எந்த உறுப்பில் நோயோ அந்த உருவத்தைத் தகட்டில் வாங்கி உண்டியலில் போட வேண்டும். கோயில் வாசல் கடைத் தட்டில் கண், கை, கால், வயிறு. அத்தை முதலில் தலையை எடுத்தாள். அப்புறம், பேசவே மாட்டேங்கிறாளே என்று வாயை எடுத்தாள். கடைக்காரப் பெண்மணி, உடம்புக்கு என்ன என்று கேட்டதும், அத்தை தன் நெற்றிப் பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினாள். அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்!

"எங்கம்மா பைத்தியம் இல்ல!"

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்துக்கு இல்லை. என் சத்தத்துக்கு.

கொஞ்ச நேரம் கழித்து அவளே தட்டில் தேடி ஒரு காதை எடுத்தாள். "காதுதான் வலிக்குது அண்ணி. தினமும் வலிக்குது."

பதினாறு வருடம் கூடவே இருக்கிறேன். எங்கே வலிக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

உண்டியல் பக்கம் வந்தபோது அம்மா காதைப் போடவில்லை. பர்ஸில் வைத்துக்கொண்டாள். அத்தை பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவே இர்பானாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். இன்று கூட்டம். ஸ்ரீரங்கத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் நோட்டைத் திறந்து அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு பக்கம்கூட முடியவில்லை.

"இளவேனில், நீ கீழ போய் உட்காரு." அம்மாதான்.

ஒன்றரை மணி நேரம் படிக்கட்டில். நான்தானே தேடினேன்? நான்தானே லீவு போட்டேன்? என்னையா அனுப்புகிறாள்? மேலே இருந்து அம்மா சிரிப்பது கேட்டது. அப்போதும் கோபம் போகவில்லை. இன்னும் கூடத்தான் செய்தது.

ஜூலை 9

டாக்டரிடம் நான் பேசினேன். மையத்தில் நான். சமயபுரத்தில் நான். அத்தை வாயைத் தகட்டில் வாங்கப் பார்த்தாள். அம்மாவின் வாயை நான் வாங்காமலே எடுத்துக்கொண்டேன். – ச்சே.

ஜூலை 21

மேனேஜரிடம் கொடுக்கச் சொல்லி அம்மாவுக்கு நான் எழுதியது நான்கு பக்கம், சட்டப் பிரிவு எண்களோடு. கையெழுத்து நல்லா இருக்கு என்று சொல்லி அம்மா அதை அலமாரியில் வைத்துவிட்டாள். அவள் எழுதியது மூன்று வரி. ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் காசிநாதன் என்று ஒருவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். தனக்கு ஆட்டிசம் என்று அவருக்கு அறுபது வயதில்தான் தெரிந்ததாம். அம்மா எழுதும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம், அவ்வளவுதான். அந்த மூன்று வரி: "கவுண்டரில் என்னால் உட்கார முடியவில்லை. பார்சல் பிரிப்பதில் என்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை. என்னை அங்கேயே விடுங்கள்."

"தயவுசெய்து" கூட இல்லை.

ஆகஸ்ட் 1

அம்மா வேலைக்குப் போனாள். பார்சல் பிரிக்கும் இடம்தான். ஆனால் வியாழக்கிழமை மட்டும் கவுண்டர் பார்த்தே ஆக வேண்டுமாம். அந்த மேனேஜரை ஒரு நாள் மேளத்துக்குப் பக்கத்தில் கட்டிப்போட வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மா ஐந்தரைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நேரே சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளித் தாழ்ப்பாளில் அந்தச் சமயபுரத்துக் காது, சிவப்புக் கயிற்றில் தொங்குகிறது. அது தொங்கும் வரை யாரும் பேசக்கூடாது. ஞாயிறு இரவு அம்மா போட்ட விதி.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். "உ–" என்று ஆரம்பித்தவர் காதைப் பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்துப் போய் மூலையில் வைத்தார். விசில் வருவதற்குள் குக்கரை அணைத்துவிட்டு, வெந்திருக்குமா என்று என்னிடம் கையாலேயே கேட்டார்.

கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. அம்மாவிடம் சொல்ல எட்டு நிமிடத்துக்கு விஷயம் இருந்தது. இயற்பியல் புத்தகத்துக்கு அட்டை போட்டேன். பிரவுன் ஷீட் சரசரக்கும் என்று மெதுவாக மடித்தேன்.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. அம்மா காதைக் கழற்றினாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லு."