குங்குமம் வைத்த டேப்

ஆயுத பூஜை, காலை 7.00
வெப்பம் சரி. காற்று சரி. விண்கப்பலின் குளிர் அறைகளில் பதினோரு பேர் வருடக்கணக்காகத் தூங்குகிறார்கள். ஒருத்தி என் மனைவி பரிமளம். விழித்திருந்து காவல் பார்ப்பது இப்போது என் முறை.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்காக ஒரு விளக்கம். தூங்குகிறவரை எந்த மருந்தை எந்த அளவில் கொடுத்து எழுப்புவது என்பது ஆளுக்கொரு டேப்பில் இருக்கிறது. நகல்கள் போன வருடம் பழுதாகிவிட்டன. டேப்புகளை எடுத்து வைக்கும் ரோபோ கைக்கு முகம் தெரியாது. டேப்பின் முதுகில் ஒட்டிய பார்கோடு லேபிள்தான் தெரியும். பொதுத்தேர்வுக் கண்காணிப்பாளரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பது சொந்தப் பிள்ளையே ஆனாலும் பதிவெண்ணைத்தான் பார்ப்பார்.

ஒட்டுவதற்குப் புது லேபிள்கள் தீர்ந்துவிட்டன. அதனால் லேபிளைப் படிக்க முடியாத டேப்பைப் புதியது என்று அந்தக் கை எடுத்துக்கொண்டு அதில் எழுதும்படி, பின்னால் வரும் கப்பலின் பொறியாளர் ஜெசிந்தா மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

ஆயுத பூஜை, பகல் 11.20
டேப் அலமாரிக்கு இன்று ஓய்வு. நிறுத்திவிட்டுத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். எல்லா டேப்புக்கும் ஓரத்தில் சிறு பொட்டு. பரிமளத்தின் டேப்புக்கு மட்டும் நடுவில், பெரிதாக. அவள் அப்படித்தான் வைத்துக்கொள்வாள்.

வரும் செய்திகள் தானாகவே இந்தக் குறிப்பில் சேரும். ஜெசிந்தா: "பூஜை வாழ்த்து சார். சுண்டலுக்கு என்ன செஞ்சிய? அந்த டப்பாக் கடலையவா ஊற வச்சிய? ரெண்டு பொட்டலம் மடிச்சு வெளிய விட்டிருங்க. பின்னாடிதான வாறோம், பிடிச்சுக்கிடுதோம்."

விஜயதசமி, காலை 6.40
அலமாரியை இயக்கினேன். லேபிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, புதிய டேப் ஒன்று இருப்பதாகக் காட்டியது. எண்ணிக்கையில் விட்டுப்போனது எங்கோ இருந்திருக்கிறது. நல்லதாயிற்று. இந்த நாட்குறிப்பு பதிவாகும் டேப் நிரம்பிவிட்டது. நேற்றைய குறிப்புகளைப் புதியதில் ஏற்றியது. இனி எழுதுவதும் அதில்தான். பிள்ளைகளின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கும் நாள். புது டேப்புக்குப் பொருத்தம்.

விஜயதசமி, காலை 9.15
ஜெசிந்தா: "சார், உங்க அலமாரி அறிக்கை வந்துச்சு. புது டேப்பு ஒண்ணுங்குது. தூங்குறவங்க டேப்பு பத்துங்குது. பதினொண்ணுல்லா இருக்கணும்? லேபிள் மேல எதுவும் பட்டுச்சா?"

விஜயதசமி, காலை 9.50
ஈரத் துணியால் பெரிய பொட்டைத் துடைத்தேன். ஸ்கேனர் உடனே படித்தது: பரிமளம். டேப்பைத் திறந்து பார்த்தேன். முதல் வரி, "வெப்பம் சரி. காற்று சரி." நான் எழுதியது.

மருந்தளவு அழிந்துவிட்டது. அது தெரியாமல் எழுப்பினால் இதயம் நின்றுவிடும். ஜெசிந்தாவுக்குச் சொல்லிவிட்டேன். பதில் வர ஒரு மணி நேரமாகும்.

கஞ்சி குடித்தேன். பாத்திரம் கழுவினேன்.

விஜயதசமி, காலை 10.45
சும்மா உட்கார்ந்திருக்க வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கரும்பலகையை உதாரணமாகச் சொல்லலாம். துடைத்துவிட்டு எழுதினாலும் முந்தைய பாடவேளைக் கணக்கு அடியில் மங்கலாகத் தெரியும். டேப்பில் அப்படித் தடம் நிற்குமா என்று எனக்குத் தெரியாது.

தூங்கப் போகும்போது பரிமளம் சொன்னது: "என்னைய எழுப்புறதுக்கு முன்னாடி சவரம் பண்ணிக்கோங்க. அந்தத் தாடியோட நின்னா மறுபடி படுத்துக்குவேன்." இப்போது சவரம் செய்துகொண்டேன். எழுப்ப இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. தாடையில் ஓர் இடத்தில் வெட்டிவிட்டது. வலிக்கவில்லை. அவள் குளிர் அறையின் கண்ணாடியைத் துடைத்தேன். அதில் தூசி இல்லை. இன்னொரு உதாரணமும் தோன்றுகிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளை முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும்

ஜெசிந்தா: "சார், முன்பகுதிதான் போயிருக்கு. அம்மாவோட மருந்தளவு அதுக்கு அடுத்தாப்புல இருக்கு, இன்னும் அழிஞ்சிருக்காது. போய்ச் சேந்ததும் எடுத்துரலாம். ஆனா நீங்க எழுதுற ஒவ்வொரு வரியும் இப்ப அது மேலதான் ஏறுது. அலமாரிய அணைச்சுருங்க. ஒரு எழுத்துகூட எழுதிராதிய சார்."

சரியம்மா. நிறுத்தி