சர்க்கரை வாங்காத வீடு

இர்பித்,
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் ஹனீனுக்கு,

பாபா எழுதுகிறேன். அம்மா, யமான், நான் மூவரும் அல்லாஹ்வின் அருளால் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த ஹாலந்து மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. போனில் எதைக் கேட்டாலும் 'நல்லா இருக்கேன் பாபா' என்று ஒரே பதில்தான் சொல்கிறாய். எப்போதும் ஒரே பதில் வருகிற கேள்வியிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது, அதை அட்டவணையிலிருந்து தூக்கி எறி என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அந்தப் பாடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் நீ கேள்வி கேட்பாய், எனக்குப் பொறுமை போய்விடும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

முதலில் வீட்டுச் சேதி. யமான் பந்து விளையாடி முன்பல்லில் பாதியை உடைத்துக்கொண்டான், அழவில்லை, பல் வைத்தியரிடம் போகத்தான் அழுதான். மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, வாரத்துக்கு ஒருநாள் வருகிற தண்ணீரில் பாதி சுவரில் போகிறது, ஆளைக் கூப்பிடுவதற்குள் நானே அடைத்துவிட்டேன், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. அம்மா சிரித்ததற்கு அளவில்லை. நான் அனுப்பிய என் படத்தைப் பார்த்துவிட்டு உன் அறைத்தோழி இது உன் அண்ணனா என்று கேட்டதாக எழுதியிருந்தாய், அதை அம்மாவிடம் மூன்று முறை படித்துக் காட்டினேன். இன்னும் நாற்பது ஆகவில்லை என்பதை அவளும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

போன வாரம் நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய். அட்டவணையில் எல்லா வரியிலும் மாறாமல் இருக்கிற பத்தியை எறி என்கிற என் விதியை வகுப்பில் சொன்னாயாம், பேராசிரியர் தலையசைத்தாராம், அடுத்த மாதம் பயிற்சிக்குப் போகிற கடை நிறுவனத்தில் முதல் வேலையாக அதைத்தான் செய்யப்போகிறாயாம். செய்யாதே. ஏன் என்று சொல்கிறேன்.

அபூ ஸுஹைபின் மகன் ஜெராஷ் சாலையில் கார் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும், நீயும் போன் செய்து துக்கம் கேட்டாய். போய்விட்ட அந்த மூத்த மகன் ஸுஹைபின் பெயரால்தான் இன்னமும் அவரைக் கூப்பிடுகிறோம், வேறு எப்படிக் கூப்பிடுவது. துக்கப் பந்தலில் இரண்டாம் நாள் அவருக்கு ஒரு செய்தி வந்ததையும் உன் தோழிகள் சொல்லியிருப்பார்கள், யாரோ கேலிக்கு அனுப்பினான் என்று. யாரோ இல்லை ஹனீன், நான். பந்தலில் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வந்திருந்தோம். கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியாது, வருகிற அனுதாபச் செய்திகளை எல்லாம் அண்ணன் மகனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். போன் மணியடித்தது, அவன் வாங்கி, 'உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஆயிரம் வாழ்த்துகள்' என்று படித்துவிட்டு அப்படியே நின்றான். மிச்சம் எனக்குத் தெரியும். உங்கள் மகிழ்ச்சி நிறையட்டும், இனிப்புகளுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி. எங்கள் கடைக்காக அந்த வாக்கியத்தை எழுதியவன் நான், யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர் மாடலைக் கட்டியவனும் நான். என் கையில் காப்பிக் கோப்பை இருந்தது. வாயைத் திறக்கவில்லை. முகத்துக்கு நேரே பேசுகிறவன் என்று ஊரில் பெயர் எடுத்தவன், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாடல் என்ன செய்தது என்று கேள். ஒரு வீட்டில் திடீரென்று பத்துக் கிலோ காப்பி, ஏலக்காய், பெட்டி பெட்டியாகப் பேரீச்சம்பழம், தண்ணீர் பாட்டில், பேப்பர் கப் என்று வாங்கினால் அந்த வீட்டில் விசேஷம் என்று அது கற்றுக்கொண்டிருந்தது. கற்றுக்கொடுத்தது எப்படி? இப்படி வாங்கிய அறுநூற்று நாற்பது வீடுகளுக்குப் போன் செய்து என்ன விசேஷம் என்று கேட்க வைத்தோம். நானூற்றுப் பத்துப் பேர் சந்தோஷமாகச் சொன்னார்கள், கல்யாணம், பிள்ளை பிறந்தது, ஹஜ்ஜிலிருந்து வந்தது, பையன் பரீட்சையில் தேறினது. மற்றவர்கள் போனை எடுக்கவில்லை, எடுத்தவர்கள் பேசாமல் வைத்துவிட்டார்கள். 'பதில் இல்லை' என்று குறித்து அத்தனை பேரையும் நீக்கினேன். மகனைப் புதைத்துவிட்டு வந்தவன் கடைக்காரனிடம் என்ன பேசுவான்? அதை நான் யோசிக்கவே இல்லை. அந்த மாடல் ஒரு சாவைக்கூடப் பார்த்ததில்லை.

அடுத்தது பழி. செய்தி கடையின் பெயரில் வந்தது, துக்க வீட்டுச் சாமான் பில்லில் ஒருவன் பெயர் இருந்தது. ராயித். நம் தெருக் கிளையில் கல்லாவில் உட்காருகிறவன், மூன்று பிள்ளைக்காரன். துக்க வீட்டுக்குக் காப்பியையும் பேரீச்சம்பழத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன், அவனுக்கும் ஸுஹைபுக்கும் நோன்பு மாதத்தில் வண்டி நிறுத்துகிற இடத்துக்காக நடுத்தெருவில் சண்டை நடந்ததை ஊரே பார்த்தது. சேர்த்துப் பார்த்தார்கள், கணக்கு முடிந்தது. ஸுஹைபின் பெரியப்பா பிள்ளைகள் கடைக்குப் போய்க் கத்தினார்கள், ஒரு கண்ணாடி உடைந்தது, மானேஜர் ராயிதை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். நான் மானேஜரிடம் போய் இது அவனில்லை, மாடல் என்றேன். தெரியும், ஆனால் அடுத்த மாதம் எல்லாக் கிளைகளிலும் இதைப் போடப் போகிறோம், இப்போது போய் மிஷின் தப்புச் செய்யும் என்று சொல்ல முடியாது, கொஞ்ச நாளில் ஆறிவிடும், ராயிதுக்கு நான் வழி செய்கிறேன் என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன். பதினோரு நாள் அப்படியே இருந்தேன். இதை உனக்கு எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ராயிதின் நடு மகள் உன் அம்மாவின் வகுப்பில் படிக்கிறாள். எங்க பாபா இப்பல்லாம் பகல்லயும் வீட்டிலேயே இருக்கார் மிஸ், தெருப்பக்கமே போறதில்லை என்று சொன்னாளாம். அம்மா வந்து அந்தச் செய்திகளை எல்லாம் யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டாள். யாரும் அனுப்புவதில்லை, தானாகப் போகும் என்றேன். அதற்கு உன் அம்மா ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, குரலைக்கூட உயர்த்தாமல், "தானா போகுதுன்னா, தானா போய் மன்னிப்பும் கேட்டுட்டு வருமா?" என்றாள். அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் நாயிஃப் மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நேரே அபூ ஸுஹைபின் ஜன்னல் பட்டறைக்குப் போய், ஐயா நான்தான், மன்னியுங்கள் என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன் என்றேன். உன் மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு நிமிஷத்துல முடிக்க அது என்ன உன் கம்ப்யூட்டரா?" என்றார். தன்னோடு பெரியவர்களாக ஏழு பேர் ஆகும்படி ஆள் சேர்த்தார், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஜாஹா, பெரியவர்களாகச் சேர்ந்து போய்ச் சமாதானம் கேட்பது, என்று சொல்லி அனுப்பினார். எனக்கு ஒரே ஒரு கட்டளை, வாயைத் திறக்கக் கூடாது, உனக்கு வாயே இல்லை என்று நினைத்துக்கொள் என்றார். ஜாஹாவில் மாமாவே பேசுவார், நாம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

போனோம். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தோம். அண்ணன் மகன், அதே பையன், ஒவ்வொருவருக்கும் காப்பி ஊற்றி முன்னால் வைத்தான். கேட்டது கிடைக்கும்வரை எவனும் தொடக் கூடாது, எட்டுக் கோப்பையும் அப்படியே இருந்தன. மாமா அழகாகப் பேசினார், அதில் எனக்கு எப்போதும் பொறாமைதான். இறந்தவருக்கு துஆ செய்தார், பொறுமையைப் பற்றிச் சொன்னார், பிறகு ராயித் மேல் வந்த பழி தவறு, அது மிஷின் செய்த பிழை, அவன் மீதுள்ள கோபத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். அபூ ஸுஹைப் அவரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்து, யமானின் பெயரை வைத்துக் கூப்பிட்டார்.

"அபூ யமான், அந்த மிஷின் உன்னோடதுதானே? என் வீட்டுல விசேஷம்னு அது எப்படிக் கண்டுபிடிச்சுது?"

மாமா பதில் சொல்ல வாயெடுத்தார். அபூ ஸுஹைப் கையை உயர்த்தி, அவனைத்தான் கேட்டேன் என்றார். மாமா என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். நான் சொன்னேன். காப்பி, ஏலக்காய், பேரீச்சம்பழம், தண்ணீர், கப், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன், இவை ஒன்றாக வந்தால் நூற்றில் தொண்ணூற்று நாலு தடவை விசேஷம்தான் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அலுமினியம் அறுத்து அறுத்து அந்தக் கைகளில் நகமெல்லாம் கறுத்திருக்கும், பார்த்திருப்பாய், அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நாங்க சர்க்கரையே வாங்கலியேப்பா."

எனக்கு உடனே புரியவில்லை. அவரே சொன்னார். கல்யாண வீட்டுல டீக்கும் சர்பத்துக்கும் மூட்டை மூட்டையா வாங்குவாங்க, நான் ஸுஹைபோட தம்பி கல்யாணத்துக்கே நாப்பது கிலோ வாங்கினேன். இந்தத் தடவை எங்க வீட்டுக்காரி ஒரு பிடி சர்க்கரைகூட வாங்கலை. வந்தவங்க எல்லாரும் கசப்புக் காப்பிதான் குடிச்சாங்க, நீயும் குடிச்சே. அத உன் மிஷின் பாக்கலையா?

படித்தது, வேலை பார்த்தது எல்லாம் சேர்த்து இருபது வருஷம், ஹனீன். ஜன்னல் செய்கிற மனிதர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். சர்க்கரை நம் ஊரில் எந்த வீட்டு பில்லிலும் இல்லாமல் இருக்காது, வாங்கினார்களா இல்லையா என்று பார்த்தால் எல்லா வரியிலும் 'ஆம்' என்றே இருக்கிறது, இதிலிருந்து எதுவும் தெரியாது என்று அந்தப் பத்தியை நான்தான் முதல் நாளே எறிந்தேன். அதை எறிந்ததைத்தான் உதாரணமாகச் சொல்லி உனக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தேன். எல்லா வீட்டிலும் இருப்பது ஒரு வீட்டில் இல்லாமல் போனால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு நொடி நின்று யோசிக்கவில்லை.

"பாக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன்" என்றேன். "மிஷின் மேல தப்பு இல்லை. பந்தல்ல அந்தச் செய்தி வந்தப்பவே எனக்குத் தெரியும். பதினோரு நாளா சொல்லாம இருந்தேன். ராயிதுக்கு இதுல ஒண்ணுமே இல்லை."

மாமாவின் கை என் முழங்காலிலிருந்து போய்விட்டது. பிழை என்று சொல்லி மூடி வைத்ததை நான் திறந்துவிட்டேன், அவருக்குக் கோபம் இருக்கத்தானே செய்யும். அடுப்படிப் பக்கம் பாத்திரம் ஓசை கேட்டு நின்றது. காப்பி ஆறி, கோப்பை ஓரத்தில் கறை கட்டிவிட்டது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது, உனக்குத்தான் தெரியுமே, சிக்னலில்கூட என்னால் நிற்க முடியாது. கடைசியில் அபூ ஸுஹைப், ராயிதை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுங்கள், என் அண்ணன் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், காப்பி சாப்பிடுங்கள் என்றார். ஏழு பேரும் மூச்சு விட்டார்கள். ஆறிப்போனதைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்ற அந்தப் பையன் வந்தான், எல்லோருக்கும் மாற்றினான், என்னிடம் வந்தபோது அபூ ஸுஹைப் தடுத்தார். "அவரோடது அப்படியே இருக்கட்டும்" என்றார். ஆறின காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். வாசலில் என்னைக் கட்டித் தழுவவில்லை, கை கொடுத்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மானேஜருக்கு என்மேல் கோபம், எல்லாக் கிளைகளிலும் போடுவது நின்றுபோயிற்று. வேலை இருக்கிறது, கவலைப்படாதே, அம்மாவிடமும் தனியாகக் கேட்காதே. சர்க்கரைப் பத்தியைத் திரும்பச் சேர்த்தேன், பதில் சொல்லாதவர்களையும் சேர்த்தேன். காப்பி மட்டும் வாங்கி சர்க்கரை வாங்காத வீட்டுக்கு எந்தச் செய்தியும் போகாது. அதைக் கேட்டுவிட்டு மானேஜர், அப்படியானால் அந்த வீடுகளை இப்போது அடையாளம் தெரியுமே, அனுதாபச் செய்தி அனுப்பலாமே என்றார். முடியாது என்றேன், அந்த அறையிலேயே என் குரல்தான் பெரிதாகக் கேட்டது. ராயித் மறுநாளே கல்லாவுக்கு வந்துவிட்டான். மன்னிப்புக் கேட்கப் போனேன், பால் பாக்கெட்டை அழுத்திப் பில் போட்டுக்கொண்டே, "இஞ்சினியர், உங்க மிஷின் என்னைப் பத்தி என்ன சொல்லுது? நல்லவனா கெட்டவனா?" என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தினமும் அவனுடைய வரிசையில்தான் நிற்கிறேன், எத்தனை நீளமாக இருந்தாலும்.

இதைப் படித்துவிட்டு நீ படிப்பை விட்டுவிடாதே, விடக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். கணக்கு பொய் சொல்லவில்லை, நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. பயிற்சிக்குப் போகிற இடத்தில் எந்தப் பத்தியை எறியச் சொன்னாலும், அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, இது எந்த வீட்டில் இருக்காது என்று கேள். பேராசிரியரிடம் கேட்காதே, கல்லாவில் இருப்பவரிடம் கேள். வகுப்பில் அந்த விதியை யாரிடம் சொன்னாயோ அவர்களிடமும் போய், எங்க பாபா தப்பாகச் சொல்லிவிட்டார் என்று சொல்லிவிடு. வெட்கப்படாதே, வெட்கம் என்னுடையது.

இன்று காலை வழக்கம்போல வாராந்தரப் பட்டியலைத் திறந்தேன். அபூ ஸுஹைப் வீடு, ஒன்பது வாரமாகச் சர்க்கரைப் பத்தியில் பூஜ்யம். இந்த வாரம் ஒரு கிலோ. திரையை மூடி வைத்தேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அல்லாஹ் உன்னைக் கண்போலக் காக்கட்டும், உன் வழியை லேசாக்கட்டும், உன் கையால் யார் மனமும் நோகாமல் இருக்கட்டும். குளிருக்கு அம்மா பின்னிய தொப்பியைப் போடு, அழகாக இல்லை என்று எனக்கும் தெரியும். அடுத்த முறை போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்கும்போது 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே.

உன் பாபா,
முஃதஸிம்