ஐந்து பொட்டு ரத்தம்

ஜனவரி 11

ஷிரே ஆற்று வெள்ளம் பாலத்தை மூடி மூன்று நாளாகிறது. இன்று ஃபலேசி தன் ஆறு வார மகளை நான் நர்ஸாக இருக்கும் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தாள். தாய்க்கு எச்.ஐ.வி.; பிள்ளைக்கும் தொற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குதிகாலில் குத்தினேன். பரிசோதனை அட்டையில் ஐந்து பொட்டு ரத்தம். குழந்தை தொகோசானியைவிட ஃபலேசிதான் அதிகம் அழுதாள்.

முன்பெல்லாம் இந்த அட்டை லாரியில் போய் முடிவு வர இரண்டு மாதம். போன வருடம் ஒரு பிள்ளையின் முடிவு வந்து சேர்ந்தபோது, அந்தப் பிள்ளையைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ஜனவரி 12

ட்ரோன் பின்புறத் திடலில் இறங்கி அட்டையை எடுத்துப் போயிற்று. அக்கரை ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். முடிவு தெரியாமலே இருந்துவிடலாமா என்று ஃபலேசி கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கும் பழக்கமானதுதான்.

ஜனவரி 14

சந்தையில் பேச்சு: சுகாதார நிலையம் பச்சைப் பிள்ளைகளின் ரத்தத்தை உறிஞ்சி வானத்து வழியே விற்கிறதாம். சிரிப்பதா? இப்படிப்பட்ட பேச்சை நம்பி ஆளையே அடித்துக் கொன்றிருக்கிறார்கள்.

ஜனவரி 15

மதியம், ட்ரோன் வரும் நேரம், நாற்பது பேர் கல்லோடு வந்துவிட்டார்கள். முன்னால் ஊர்த் தலைவி எஸ்னாட்டம்மா. ஃபலேசியின் கணவன் லாஸ்டன் ஓரமாக, தலையைக் குனிந்தபடி. யார் பிள்ளையின் ரத்தம் போயிற்று, எதற்கு என்று கேட்டார்கள். எப்படிச் சொல்வேன்? சொன்னால் ஃபலேசி இந்த ஊரில் இருக்க முடியுமா?

"சொல்லுங்க சிஸ்டர். பதில் வராம அது இங்க இறங்காது," என்றார் தலைவி.

என்ன நினைத்தேனோ தெரியவில்லை. ஊசியை எடுத்து என் விரலிலேயே குத்தினேன். எல்லோரும் பார்க்க அட்டையில் ஐந்து பொட்டு வைத்தேன்.

"இது என் ரத்தம். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. மருந்து வேலை செய்யுதான்னு வருஷா வருஷம் டவுனுக்குப் போய் ஒளிஞ்சு பாத்துட்டு வருவேன். இனிமே இதுலயே அனுப்புறேன். நோய் பாக்கத்தான் ரத்தம் போகுது. இந்த அஞ்சு பொட்ட யாரு காசு குடுத்து வாங்குவா?"

தலைவி குனிந்து அட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கல்லைக் கீழே போடச் சொன்னார்.

ட்ரோன் இறங்கியது.

ஜனவரி 16

இங்கே பெருக்குகிற ஜெஸ்டினா எனக்கு மட்டும் கோப்பையைத் தனியாக வைத்தாள். ஆறு வருடமாக என்னோடு ஒரே தட்டில் சோளக்களி தின்றவள்.

ஜனவரி 18

முடிவு வந்துவிட்டது. தொகோசானிக்குத் தொற்று இருக்கிறது.

ஏழே நாளில் தெரிந்துவிட்டது, சந்தோஷப்படணுமாம். முடியலியே. பிள்ளைக்கான மருந்தும் அதே ட்ரோனில் வந்தது. இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். லாஸ்டன் எழுந்து வெளியே போய் மழையில் நின்றான். ஓடிவிடுவான் என்றே நினைத்தேன். நனைந்தபடி திரும்பி வந்து, ஒரு நாளைக்கு எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்று கேட்டான்.

ஜனவரி 19

முதல் வேளை. மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தோம். பிள்ளை துப்பிற்று. மறுபடி கொடுத்தோம், முகத்தைச் சுளித்து விழுங்கிற்று.

"நீங்க எத்தன வருஷமா சாப்பிடுறீங்க சிஸ்டர்?" என்றாள் ஃபலேசி.

"பதினாலு."

என்னைத் தலையிலிருந்து கால்வரை மெதுவாகப் பார்த்தாள்.

"அப்ப இவளுக்குப் பள்ளிக்கூட உடுப்பு தைக்கணும்," என்றாள்.